அந்த நாவல் என்னுடையது

சனிக்கிழமை எங்கள் ஊர் மண்டபத்தில், இலக்கியக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வீடியோவும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றி முடித்துவிட்டது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த பேச்சாளர் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசை அக்காவின் மடியிலிருந்த மாத நாவலை எடுத்து, அட்டையை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இதைப் படித்தால் எப்படி உருப்படும் நம் சமுதாயம்?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அந்த அக்காவும் சிரித்தார். வேறு என்ன செய்வார் பாவம்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "தமாஷாகச் சொன்னதை ஏன் பெரிசாக்குகிறீர்கள்" என்று நேற்று ஒருவர் கேட்டார் பாருங்கள், அதற்கப்புறம் முடியவில்லை. சரி, ஒரு தகவல் சொல்கிறேன். அந்த நாவல் என்னுடையது. நான் இரவல் கொடுத்தது. முதல் பக்கத்தில் என் பெயர் எழுதியிருக்கிறது. அட்டையைத் தாண்டி உள்ளே போயிருந்தால் அதையும் மைக்கில் வாசித்திருப்பார். ஐயா உள்ளே போகவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். படிக்கிறவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். நல்ல புத்தகமோ மட்டமான புத்தகமோ, பிடுங்காதீர்கள்.

நான் எப்படிப் படிப்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுப்படியில் ஒன்று, கிளினிக் கவுண்டரில் ஒன்று, படுக்கையில் ஒன்று. உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு அத்தியாயம் ஓடிவிடும். பக்கத்தை மடிக்க மாட்டேன். மாத்திரை அட்டையோ பஸ் டிக்கெட்டோ கையில் கிடைப்பதைச் செருகி வைப்பேன். சோற்றைக் குழைய விட்டது உண்டு, நாவலை நடுவில் விட்டது குறைவு. இந்தப் பழக்கம் எனக்குக் கருத்தரங்கில் வரவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரமெல்லாம் வெட்டி முடித்த பிறகு, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சேரும்வரை ஒரு இடைவெளி கிடைக்கும். பசியாறிவிட்டு அந்த நேரத்தில்தான் படிப்பார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்கக் கூடப் போயிருக்கிறேன், பார்த்திருக்கிறேன். விரலில் காய்ந்த பால் ரப்பராக ஒட்டியிருக்கும், தொட்டால் காகிதம் கூடவே வரும். அதனால் பக்கத்தைப் புறங்கையால் தள்ளித்தான் புரட்டுவார். கொசுக்கடி வேறு. அந்த நிலையில் ஒரு மனுஷி துப்பறியும் கதை படித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் "இதைப் படித்தால் எப்படி உருப்படும்" என்று கேளுங்களேன் பார்ப்போம்.

ஒரே நாவல் லயம் முழுக்க, தோட்டத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் சுற்றும். ஒரு தடவை சுற்றி வருவதற்குள் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. கொலைகாரன் யார் என்று பைப்படியில் பெரிய விசாரணை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், இவர்கள் டாக்டர்தான் கொன்றார், இல்லை மைத்துனன்தான் கொன்றான் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கதையில் முன்னால் எங்கே என்ன சொல்லியிருந்தது என்று ஒவ்வொருவரும் ஆதாரம் காட்டுவார்கள். இதற்குப் பெயர் இலக்கிய விமர்சனம் இல்லையென்றால் எதற்குப் பெயர், எனக்குச் சொல்லுங்கள். ரொம்ப வருஷம் கழித்து அதே நாவல் ஈப்போவில் முழுசாகக் கிடைத்தது. கொன்றது கதையில் அதுவரை தலைகாட்டாத இரட்டைத் தம்பியாம்! அம்மா சொன்ன முடிவு எவ்வளவோ தேவலை.

"எல்லாம் ஒரே கதைதானே" என்பார்கள். துப்பறியும் கதை எழுதுகிற ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். எல்லாம் ஒரே தரமாக இருக்குமா? இருக்காது. சிலவற்றில் பதினைந்தாம் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆனால் நம் ஊர்க் கருத்தரங்கப் பேச்சுகளில் 'பேரன்புமிக்க' என்ற முதல் வரியிலேயே முடிவு தெரிகிறதே, அதை யாரும் குப்பை என்று சொல்லவில்லையே?

"குடும்ப நாவல்களில் அறைந்தவன் மார்பிலேயே கடைசியில் போய்ச் சாய்கிறாள், அதைப் பெண்கள் படிக்கலாமா" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த இடத்தில் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இந்த சுங்கை சிப்புட்டில் பெண்டாட்டியை அடிக்கிற எவனும் மாத நாவல் படித்து நான் பார்த்ததில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

"அதிலேயே நின்றுவிடுவார்கள், மேலே வளர வேண்டாமா?" இதைச் சொல்லும்போது ஒரு குரல் வரும் பாருங்கள், சம்பளம் பிடித்த தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா பேசுகிற மாதிரி. அதே மேடையில் ஐயா பொன்னியின் செல்வனை வானளாவப் புகழ்ந்தார். எனக்கும் அது உயிர். ஆனால் அது 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை ஐயா. யாரையாவது ஆபத்தில் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரை காக்க வைத்து, ஓவியர் மணியம் படத்தோடு வந்த தொடர்கதை. அன்றைக்கு மடியில் வைத்துப் படித்த பெண்ணின் கையிலிருந்து யாராவது அதைப் பிடுங்கியிருந்தால்? கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தமிழில் எனக்கு முதலில் புரிய வைத்தது பாடப்புத்தகம் இல்லை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா. அவரையும் ஒரு காலத்தில் வெறும் பத்திரிகை எழுத்து என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

வளரவில்லையா நான்? மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலைப் படித்தேன். ஜப்பான்காரர்கள் போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன தமிழர்களின் கதை. எங்கள் தாத்தாவின் அண்ணன் அங்கே போனவர், திரும்பி வரவில்லை. அந்த நாவலை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மூடி வைப்பேன், மனசு ஆற ஒரு மாத நாவலைப் படிப்பேன், அப்புறம் மறுபடி எடுப்பேன். குப்பை என்று நீங்கள் சொல்வதுதான் என்னை அதன் கடைசிப் பக்கம் வரை கொண்டு சேர்த்தது. அதைவிட, என் வீட்டுக் கதையை யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் போகும் புத்தியே எனக்கு வாசிப்பால்தான் வந்தது.

2020 கடைசியில் நம் மலேசிய எழுத்தாளர் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு தடை செய்தபோது, வாசகன் எதைப் படிக்கலாம் என்று முடிவெடுக்க இவர்கள் யார் என்று காரசாரமாகப் பதிவு போட்டவர்தான் இந்த ஐயா. நானும் லைக் போட்டேன். அமைச்சு செய்தால் தடை, நீங்கள் மைக்கோடு வந்து செய்தால் சமுதாய அக்கறையா?

"இந்தியப் பத்திரிகைக் கதைகளால்தான் மலேசிய எழுத்து அழிகிறது" என்றும் சொன்னார். இதுதான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. எங்கள் ஊரில் மலேசியத் தமிழ் நாவல் எந்தக் கடையில் விற்கிறது? நூல் வெளியீடு என்றால் மாலை, பொன்னாடை, முதல் பிரதிக்குப் பிரமுகர் கையில் உறை. பிரமுகர் போன பிறகு அந்தப் பிரதி நாற்காலியிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்ததை எடுத்து வந்து படித்தவள் நான். நல்ல நாவல் அது. பிரமுகருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 பிப்ரவரியில் நின்றபோது இரங்கல் கவிதை எழுதித் தள்ளினீர்களே, அதற்கு முந்தின மாதம் காசு கொடுத்து வாங்கியது எத்தனை பேர்? எங்கள் தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டு, லயத்தை இடித்துத் தாமான் எனும் குடியிருப்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். கோயிலைப் பற்றிப் பேச ஆள் வந்தது, பள்ளியைப் பற்றிப் பேச ஆள் வந்தது. நூலகம் என்று இருந்த அந்த ஒற்றை அலமாரி எங்கே போனது என்று கேட்க ஒருவரும் வரவில்லை. அதில் இருந்ததும் நீங்கள் சொல்லும் குப்பைதான். அதற்கும் வரிசையில் நின்றோம்.

"ஐயாவுக்கு வயது என்ன, உங்களுக்கு வயது என்ன, இப்படி எழுதலாமா" என்று இன்பாக்ஸில் வரப்போகிறவர்களுக்கு: மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த அக்காவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத நாவலுக்குப் பதிலாக என்ன படிக்கலாம் என்று கமெண்டில் பட்டியல் போடப்போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும், எத்தனை வெள்ளி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கடையில் கிடைக்காது என்றால் உங்கள் பிரதியை அனுப்புங்கள், தபால் செலவு நானே தருகிறேன். பக்கம் மடிக்காமல் திரும்பி வரும்.