கல்லுத்தூள் டிப்பரைத் திருப்பி அனுப்பாதேங்கோ

போன வெள்ளிக்கிழமை காலை, நெல்லியடிப் பக்கம் நான் செய்துகொண்டிருக்கிற ஒரு வீட்டு வேலைக்கு வவுனியாவிலிருந்து ஒரு டிப்பர் கல்லுத்தூள் வந்தது. சாரதி பின்கதவைத் திறக்க முதலே வீட்டுக்கார ஐயா வெளியே வந்தார், ஒரு கைபிடி அள்ளிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "தம்பி, உது மணல் இல்லை, கல்லுடைக்கிற இடத்துக் கழிவு. என்ரை பிள்ளை வெளிநாட்டிலை கஷ்டப்பட்டு அனுப்பின காசு, உதிலை வீடு கட்டேலாது" என்றார். டிப்பர் வந்த வழியே திரும்பிப் போனது. அன்றிரவு பதினொரு மணிக்குப் பிறகு அதே வாசலில் இரண்டு லோட் மணல் இறங்கியிருக்கிறது, எங்கே அள்ளியது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் நான் போய்ப் பார்த்தால் மணலுக்குள் சிப்பி ஓடு கிடக்கிறது. கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

ஐயா மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், எங்கள் ஆட்களிடம் இந்தப் பயம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் இதை இப்படியே விட முடியாது, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இந்தக் 'கழிவு' என்ற சொல். பாறையை வெடி வைத்து உடைத்து, கிறசர் என்கிற கல்லுடைக்கிற இயந்திரத்தில் போட்டு, முக்கால் இஞ்சிச் சல்லி, அரை இஞ்சிச் சல்லி என்று சலித்து எடுத்த பிறகு கடைசியாக அடியில் விழுவதுதான் கல்லுத்தூள். போடுகிற கல்லில் ஐந்தில் ஒரு பங்காவது இப்படித் தூளாகப் போகும். நாங்கள் பிளாற்றுக்கு, அதாவது கொங்கிறீற்றுக் கூரைக்குப் போடுகிற சல்லியும் அதே கல்தான், அதே கிறசர்தான், அதே டிப்பரில்தான் ஏ9 வீதியால் வருகிறது. சல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிற நாங்கள் அதே கல்லின் தூளைக் கண்டால் மட்டும் ஏன் பயப்படுகிறோம்? விற்காத தூள் அங்கே மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் பக்கத்து மரங்களின் இலையெல்லாம் வெள்ளை, மழை பெய்தால் கரைந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகிறது.

இங்கே எங்களிடம் என்ன இருக்கிறது? யாழ் குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். கருங்கல் இல்லை. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். ஆற்று மணல் வேண்டுமென்றால் கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு என்று வன்னிக்குத்தான் போகவேண்டும், அங்கேயும் அள்ளி அள்ளிக் கரை இடிந்து போய்க் கிடக்கிறது. மிச்சம் இருப்பது வடமராட்சி கிழக்கு மணல் மேடுகள். மணற்காடு, அம்பன், குடத்தனை, நாகர்கோவில்.

நான் அம்பன்காரன். சின்ன வயதில் மணற்காட்டு மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனை. மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவரில் ஏறி விளையாடுவோம். மேட்டு அடிவாரத்தில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் குடிக்கலாம். அது எப்படி என்று பிறகுதான் படித்தேன். மழைத் தண்ணீரை மேடு உறிஞ்சி வைத்திருக்கிறது, உப்புத் தண்ணீரை விட நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால் அது மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் மேட்டை வெட்டி மேலே ஒரு அடித் தண்ணீரை இழந்தால் கீழே எவ்வளவு போகும் என்று நீங்களே பாருங்கள். சுனாமியையும் மறந்துவிட வேண்டாம். தென்கிழக்குக் கரையில் இருக்கிற யாலவில் கடல் தெரியவேண்டும் என்று மேட்டை வெட்டித் திறந்த இடம்தான் அடியோடு அழிந்தது என்று பிறகு ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். எங்கள் கரைக்கும் அந்த மேடுதான் வேலி.

போர் முடிந்த பிறகு எல்லோருக்கும் வீடு வேண்டும், அதில் பிழையே இல்லை. இந்திய வீட்டுத்திட்டம் மட்டும் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. இதைவிட வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடி வீடுகள், மதில்கள், மண்டபங்கள், கோயில் திருப்பணிகள். இவ்வளவுக்கும் மணல் எங்கேயிருந்து வந்தது? 2019 டிசெம்பரில் மணல் ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் நீக்கினார்கள், அந்த நாட்களில் எங்கள் ஊர் வீதியில் இரவில் படுத்திருந்து டிப்பர் எண்ணலாம் என்கிற நிலைமை. நான் கட்டிய வீடுகளுக்கும் அந்த மணல் வந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அதற்கான விலையையும் கண்டேன். 2012இல் ஒரு வீட்டுக்கு 'ஆற்று மணல்' என்று சொல்லி விற்ற ஒருவரிடம் வாங்கினேன், நிறத்தைப் பார்த்து நம்பிவிட்டேன். ஆறு வருடம் கழித்து அந்த வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினா. குசினிப் பிளாற்றின் அடியில் கம்பி போன வழியே நேர்கோடாக வெடிப்பு, ஒரு இடத்தில் கொங்கிறீற்றுத் துண்டு பாயளவுக்குப் பெயர்ந்து அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, உள்ளே கம்பி செங்கல் நிறத்தில் ஊதிப்போய் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் கம்பி தகடு தகடாக உரிகிறது. கடல் மணலில் இருக்கிற உப்பு கம்பியைத் தின்னும், துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில்தான் கொங்கிறீற்று உடைகிறது. மேட்டு உச்சியில் பல காலம் மழை கழுவிய மணல் என்றால் உப்பு குறையலாம், ஆனால் இரவில் லைற் அடிக்காமல் அள்ளுகிறவன் உச்சி பார்த்தா அள்ளுகிறான்? அந்தப் பிளாற்றை என் செலவில் உடைத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கல்லுத்தூளைப் பற்றி உண்மையாகத் தேடத் தொடங்கினேன்.

சரி, அதில் பிரச்சினை இல்லையா? இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஆற்று மணல் உருண்டையாக இருக்கும், தண்ணீரில் உருண்டு உருண்டு வந்தது. கல்லுத்தூள் அப்போதுதான் உடைந்தது, மூலையும் முனையுமாக இருக்கும், மா போல நுண்மையான பகுதியும் கூட இருக்கும். முனையுள்ள துணிக்கைகள் சீமெந்தைக் கெட்டியாகப் பிடிக்கும், பலத்துக்கு அது நல்லது. ஆனால் கலவை இறுகி நிற்கும், மண்வெட்டிக்கு ஓடாது. அப்போது மேசன் என்ன செய்வார்? வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றுவார். கெடுவது அந்த இடத்தில்தான். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 25 லீற்றர் தண்ணீர் என்றால் நல்ல கொங்கிறீற்று, அது 35 ஆனால் பலம் பெருமளவு இறங்கிவிடும், பிறகு பழி கல்லுத்தூள் மேல். நான் முதல் முறை செய்த கேற் தூண் இரண்டும் அப்படித்தான் போனது. மணல் ஒரு பிடியும் சேர்க்காமல் முழுக்கத் தூளே போட்டேன், பொடியள் தண்ணீரை ஊற்றினார்கள், நான் பக்கத்தில் நிற்கவில்லை. வார்க்க அடித்த பலகைத் தட்டு கழற்றிய அன்றே விளிம்பு கையோடு உதிர்ந்தது.

இப்போது செய்கிற முறை இது. மணலை முழுக்க நிறுத்துவதில்லை, பாதிக்குப் பாதி. ஒன்றுக்கு இரண்டு நாலு கலவை, அதாவது சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு என்றால் அந்த இரண்டில் ஒன்று நல்ல ஆற்று மணல், ஒன்று கல்லுத்தூள், மேசன்மார் அள்ளுகிற தாச்சிக் கணக்கில் இல்லாமல் பெட்டி வைத்து அளந்து. மணல் கலவையை இளக்கும், தூள் இடைவெளியை நிரப்பும். கலவை இன்னும் இறுக்கமாக இருந்தால் தண்ணீரை விட்டுவிட்டு, கலவையை இளக்குகிற பிளாஸ்ரிசைசர் திரவத்தை போத்தலில் எழுதிய அளவுக்குச் சேர்க்கிறேன், ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது ஏழு நாளாவது வேண்டும், கல்லுத்தூள் கலந்த கொங்கிறீற்றுக்கு இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

தூள் வந்தவுடன் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை. கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தூள், மேலே தண்ணீர், ஒரு கரண்டி உப்பு, நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மேலே நுண்ணிய படை ஒன்று நிற்கும். மணலில் அந்தப் படை தடிப்பாக இருந்தால் பெரும்பாலும் களிமண், வேண்டாம். கல்லுத்தூளில் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும், அது கல்மாவா களிமண்ணா என்பதுதான் கேள்வி. விரலில் எடுத்துத் தேயுங்கள். களிமண் என்றால் சவர்க்காரம் போல வழுக்கும், காய்ந்தால் தோலோடு ஒட்டும். கல்மா என்றால் காய்ந்ததும் ஊதினால் பறந்துவிடும். உடைத்த மணலில் 75 மைக்ரோனுக்கு (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 75 பங்கு) குறைந்த துகள் 15 வீதம் வரை இருக்கலாம் என்று இந்திய நியமம் ஐ.எஸ். 383 விட்டுக்கொடுப்பதும், இயற்கை மணலுக்கு 3 வீதம் மட்டும் என்று இறுக்கிப் பிடிப்பதும் இந்த வித்தியாசத்துக்காகத்தான். இன்னொன்று, வெயிலில் பிடித்துப் பாருங்கள், காக்காப்பொன் செதில் கனக்க மினுங்கினால் அந்தக் கல் சரியில்லை. அந்தச் செதில் தண்ணீரைக் கேட்கும், சீமெந்தோடு ஒட்டாது.

கணக்காகவும் சொல்கிறேன். 1,000 சதுர அடிப் பிளாற், ஐந்து இஞ்சித் தடிப்பு என்றால் நாலு கியூபுக்கு (ஒரு கியூப் 100 கன அடி) சற்று மேல் கொங்கிறீற்று, அதற்கு இரண்டு கியூபுக்குக் கிட்ட மணல். பாதி தூள் போட்டால் ஒரு வீட்டின் பிளாற்றில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கியூப் மணல் மிச்சம். நிலக் கொங்கிறீற்று, சீமெந்துக்கல், இன்டர்லொக் கல் எல்லாம் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. சுவர்ப் பூச்சுக்கு மட்டும் இதை அப்படியே போடாதேங்கோ, மயிர் வெடிப்பு வரும், அதற்கு நன்றாக அரித்துக் கழுவிய தூள் வேண்டும்.

பக்கத்துத் தமிழ்நாட்டில் இது பழைய கதை. எம்-சாண்ட் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும், பூச்சுக்குப் பி-சாண்ட் வேறாக விற்கிறார்கள். கிறசரில் சும்மா விழுகிற தூளை அவர்கள் எம்-சாண்ட் என்று சொல்வதில்லை. அதற்கென்று வேறு இயந்திரத்தில் கல்லோடு கல் மோதவிட்டு முனையை மழுக்கி, நுண்தூளைக் கழுவி எடுப்பதுதான் எம்-சாண்ட். வன்னியில் கல் உடைக்கிறவர்களிடம் நான் கேட்பது இந்தக் கழுவும் வசதியும், ஒவ்வொரு லோட்டோடும் எந்த அளவுத் துகள் எவ்வளவு என்று சலித்துப் பார்த்த ஒரு அறிக்கையும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வன்னிக் கல்லை வன்னியிலேயே வைத்து எந்தக் கிறசர்த் தூளில் எவ்வளவு கலக்கலாம் என்று ஒரு சின்னப் புத்தகமாகத் தமிழில் எழுதித் தந்தால் மேசன்மார் பையில் வைத்துத் திரிவார்கள். பாடசாலைக் கட்டடம், மதகு, சந்தை என்று அரச காசில் கட்டுகிற வேலைகளின் ஒப்பந்தத்திலேயே பாதித் தூள் என்று எழுதினால் சனங்களின் பயம் தானாகக் குறையும். அரசாங்கமே போடுகிறது என்றால் ஐயாவும் போடுவார்.

ஆனால் இரண்டு விடயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். கல்லுத்தூள் நல்லது என்று சொல்லிக்கொண்டு குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லைத் தோண்ட யாரும் வரக்கூடாது. அந்தக் கல்லின் வெடிப்புக்குள்ளும் பொந்துக்குள்ளும்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது, கீரிமலையும் நிலாவரையும் அதனால்தான் இருக்கின்றன. காங்கேசன்துறைப் பக்கம் சீமெந்துக்குத் தோண்டிய குழிகளே போதும். வன்னியிலும் தூளுக்காகப் புதுப் பாறையை உடைக்கச் சொல்லவில்லை, குவிந்து கிடப்பதைக் கொண்டு வரச் சொல்கிறேன். மற்றது, அங்கே வேலை செய்கிற பொடியளின் நெஞ்சு. கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக் கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ், அதை மாற்ற மருந்து இல்லை. கிறசரில் தண்ணீர் விசிற வேண்டும், முகக்கவசம் கொடுக்க வேண்டும். எங்கள் வேலைத்தளத்திலும் தூளை மிக்சரில் போட முதல் நனைத்துவிடுங்கள், காய்ந்தபடி கொட்டாதேங்கோ.

சனிக்கிழமை ஐயாவைப் பக்கத்தில் இருத்தி இரண்டு போத்தலிலும் குலுக்கிக் காட்டினேன், இரவில் வந்த மணல் ஒன்றில், என் வானுக்குள் மிச்சமிருந்த கல்லுத்தூள் மற்றதில். சிப்பி ஓட்டையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, முதல்லை மதில் அத்திவாரத்துக்கும் நிலத்துக்கும் போடும், பாப்பம்" என்றார். நாளைக்குத் தூள் திரும்ப வருகிறது. பலம் பார்க்க அந்தக் கலவையில் ஆறு கொங்கிறீற்றுக் கனக்குற்றி வார்த்து, மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்க்கப் போகிறோம், முடிவு எதுவானாலும் இங்கேயே போடுகிறேன். வாசலில் கிடக்கிற அந்த மணலில் ஒரு தாச்சி கூடப் பிளாற்றுக்குப் போட மாட்டேன் என்று ஐயாவிடம் சொல்லியாயிற்று.