நெகின் ஃபர்சாதும் தண்டால் எடுக்கும் முஸ்லிம்களும்

நகைச்சுவையால் வெறுப்பை ஒழித்துவிடலாம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சலிப்புத் தட்டிவிடும். நெகின் ஃபர்சாதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பித்து அங்கேயே முடிக்கிறார்கள். அவர் செய்ததில் எது பிரமாதம், எது சுமார் என்று பிரித்துப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காக: ஈரானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் வளர்ந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு, பொதுக்கொள்கை என்று இரண்டு முதுகலை. நியூயார்க் நகர நிர்வாகத்தில் கொள்கை ஆலோசகர் வேலை. அதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டாண்ட் அப் காமெடிக்கும் சினிமாவுக்கும் வந்தவர், தன் படக் கம்பெனிக்கு வைத்த பெயர் 'வேக்லி குவாலிஃபைட் புரொடக்‌ஷன்ஸ்', அதாவது ஏதோ கொஞ்சம் தகுதி உண்டு என்கிற மாதிரி. அவர் வீட்டில் இதற்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அவரைப் பரவலாக அறிய வைத்தது 2013-இல் வந்த 'தி முஸ்லிம்ஸ் ஆர் கமிங்!' ஆவணப்படம். இன்னொரு காமெடியன் டீன் ஒபைதல்லாவுடன் சேர்ந்து இயக்கியது. முஸ்லிம் காமெடியன்கள் சிலர் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கும் மேற்குப் பக்கத்துக்கும் போய் இலவசமாக நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பகலில் தெருவில் ஒரு மேசையைப் போட்டு, 'முஸ்லிமிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று உட்காருகிறார்கள். கட்டிப்பிடிக்கவும் கூப்பிடுகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒட்டவில்லை. துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் 'நாங்கள் நல்லவர்கள், பயப்படாதீர்கள்' என்று நிரூபிக்க வேண்டிய வேலை ஏன் எப்போதும் இவர்கள் தலையிலேயே விழுகிறது? கேள்வி கேட்பவன் சௌகரியமாக நிற்கிறான், பதில் சொல்பவர் சிரித்த முகமாகவே இருந்தாக வேண்டும். ஒரு நாள் கோபம் வந்தால் அவ்வளவுதான், மொத்தமும் கெட்டது.

ஆனால் அதே ஃபர்சாத், அதே ஒபைதல்லா, அடுத்து செய்தது வேறு ரகம். நியூயார்க் சுரங்க ரயிலில் முஸ்லிம்களுக்கு எதிரான விளம்பரங்கள் வந்தபோது இவர்கள் பதிலுக்குப் போஸ்டர் தயாரித்தார்கள். ஒன்றில், முஸ்லிம்களைப் பற்றிய அசிங்கமான உண்மை என்று மிரட்டலாகத் தொடங்கி, அவர்களிடம் அருமையான முட்டை ரெசிபி இருக்கிறது என்று முடிகிறது. இன்னொன்று, வளர்ந்த முஸ்லிம்கள் முஸ்லிம் குழந்தைகளை விட அதிகமாகத் தண்டால் எடுப்பார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தது இதற்குத்தான். இதில் கெஞ்சல் இல்லை, 'எங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்' இல்லை. எதிராளியின் தொனியை அப்படியே எடுத்து உள்ளே அபத்தத்தை நிரப்பிவிட்டார்கள், இனி அந்தத் தொனியில் யார் பேசினாலும் தண்டால்தான் நினைவுக்கு வரும்.

முதலில் சரி என்ற போக்குவரத்து ஆணையமான எம்.டி.ஏ., 2015 ஏப்ரலில் அரசியல் விளம்பரங்களுக்குத் தடை போட்டது. அதைக் காட்டி இந்தப் போஸ்டர்களையும் நிராகரித்தது. தண்டால் எடுப்பது எந்தக் கட்சியின் கொள்கை என்று தெரியவில்லை! ஃபர்சாதும் ஒபைதல்லாவும் வழக்குப் போட்டார்கள், அந்த ஆண்டு அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி கொலீன் மெக்மஹன், போஸ்டர்களை எம்.டி.ஏ. தடுக்கக் கூடாது என்று அவர்கள் பக்கம் உத்தரவு கொடுத்தார். ஒருவர் முஸ்லிம் என்பதைச் சொன்னாலே அது அரசியல் ஆகிவிடுமா என்ற கேள்வியை ஒரு முட்டை ஜோக் கோர்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது, எந்தக் கட்டிப்பிடிப்பும் இதைச் செய்திருக்காது.

அப்புறம் ஃபர்சாத், நடிகரும் இயக்குநருமான ஜெரமி ரெட்லீஃபுடன் சேர்ந்து, சாண்டி புயலில் கரண்ட் போன நியூயார்க்கை வைத்து ஒரு காதல் காமெடி எடுத்தார், தானே நடித்தும் இருக்கிறார். பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதத்துக்காக யாருக்கும் விளக்கம் சொல்லாமல், காதலனோடு சண்டை போட்டுக்கொண்டு இருட்டில் அலைகிற ஒரு ஈரானிய அமெரிக்கப் பெண்ணாக அவரைப் பார்க்க எனக்கு ஆவணப்படத்தை விட இதுதான் பிடித்தது. கட்டிப்பிடிக்கிற கட்சிக்காரர்கள் கமெண்டில் வாருங்கள், பேசுவோம்.