அந்தச் சாட்சி வீடியோவில் வெட்டப்பட்ட அண்ணன்

ரெண்டு மூணு நாளாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிற அந்தச் சாட்சி வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எது என்று உங்களுக்கே தெரியும். "கர்த்தர் எனக்குப் புது கிட்னி கொடுத்தார்" என்று அந்த அக்கா அழ, பின்னால் இசை எழும்ப, "மருத்துவர்கள் கைவிட்டார்கள், இயேசு கைவிடவில்லை" என்று கீழே எழுத்து ஓடுமே, அதேதான்.

அந்தச் சாட்சியைச் சொன்ன சபைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அக்கா அடுத்துச் சொன்னது வீடியோவில் இல்லை. "என் அண்ணன்தான் அவரோட ஒரு கிட்னியை எனக்குக் கொடுத்தார். டாக்டருங்க மணிக்கணக்கா நின்னு ஆபரேஷன் பண்ணாங்க. அவங்க எல்லாருக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அண்ணன் இரண்டாவது வரிசையில் இருந்தார். விலாப்பக்கத்தைக் கையால் அணைத்தபடி மெதுவாக எழுந்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அது அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

கேட்டால், "மனுஷனுக்கு மகிமை போகக் கூடாது பிரதர்" என்று பதில் வருகிறது. சரி, பொய் சொன்னால் தேவனுக்கு மகிமை வந்துவிடுமா? தேவனுக்காக வஞ்சகமாய்ப் பேச வேண்டுமோ என்று யோபு தன் நண்பர்களிடம் கேட்டது இதைத்தானே?

எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் அழுது ஜெபித்தார். கர்த்தர் கேட்டார், ஆயுசோடு 15 வருஷம் கூட்டினார். எல்லா சுகமளிக்கும் கூட்டத்திலும் இதைப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தில், 2 இராஜாக்கள் 20-இல், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்ததும் இருக்கிறது. வாக்குக் கொடுத்தவர் கர்த்தர். பற்றுப்போட்டது மனுஷர் கை. அத்திப்பழத்தைச் சொன்னால் கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடும் என்று வேதத்தை எழுதியவருக்குத் தோன்றவில்லை. வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு மட்டும் தோன்றுகிறது.

எது அற்புதம் என்பதில்தான் நமக்குள் கோளாறு. காரணம் தெரியாவிட்டால்தான் அற்புதம் என்று முடிவு கட்டிவிட்டோம். ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், 1943-இல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இறைச்சிக் குழல் சுற்றுகிற செலோபேனை வைத்து, கிட்னிக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற டயாலிசிஸ் இயந்திரம் கட்டினார். ஆரம்பத்தில் அதில் வைத்தவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். அவர் விடவில்லை. 1945-இல் ஒரு பெண் பிழைத்தார். 1954-இல் பாஸ்டனில் ஒருவர் தன் இரட்டைச் சகோதரனுக்குச் சிறுநீரகம் கொடுத்தார், அந்த அறுவை சிகிச்சை வெற்றியானது. இதற்கெல்லாம் விளக்கம் இருக்கிறது என்பதால் கர்த்தருக்கு இதில் வேலையே இல்லை என்கிறீர்களா? ஒரு மனுஷன் தன் உடம்பைத் திறந்து ஒரு பாகத்தைத் தங்கைக்குக் கொடுக்கிறான். இயேசுவின் அன்பு எப்படிப்பட்டது என்று காட்ட அந்தச் சபையில் இதைவிடப் பெரிய சாட்சி என்ன இருந்தது? அதைத்தான் வெட்டினார்கள்.

மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்புகிற, சுகம் தேடி ஜனங்கள் போகிற பிரான்ஸின் லூர்து பற்றிச் சொன்னால் "கத்தோலிக்க உதாரணம் எதுக்கு" என்று சிலர் வருவார்கள். வரட்டும். அங்கே 1883 முதல் மருத்துவர்கள் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். என்ன வியாதி, என்ன மருந்து எடுத்தார், திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் பார்க்கிறார்கள். சுமார் 7,000 பேர் சுகமானதாகச் சொல்லியும், திருச்சபை அற்புதம் என்று அறிவித்தது 70 சொச்சம்தான். அந்தக் காட்சியைக் கண்ட பெர்னதெத் என்ற பெண்ணே காசநோயால் வாடி 1879-இல், 35 வயதில் இறந்தார். அதை யாரும் மறைக்கவில்லை. நமக்கோ கூட்டம் முடிந்த ராத்திரியே வீடியோ ஏறிவிட வேண்டும். குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு இயேசு என்ன சொன்னார்? ஒருவருக்கும் சொல்லாதே, போய், சுகமானதா என்று சோதிக்கிற ஆசாரியனுக்குக் காண்பி என்றார்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: என் தம்பி டயாலிசிஸில் இருந்தான். வாரத்துக்கு மூன்று நாள். அவன் கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில், காதை வைத்தால் சர்ரென்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். என் மகளைக் கூப்பிட்டு, "சித்தப்பா கைக்குள்ள ஆறு ஓடுது, கேளு" என்பான். கிட்னிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தான். வரவில்லை. அவனும் ஜெபித்தான், நாங்களும் உபவாசம் இருந்தோம். இறந்துபோனான். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என் அம்மாவிடம், "விசுவாசத்துல எங்கயோ குறைவு இருந்திருக்கு சிஸ்டர்" என்றார். அம்மா அதற்குப் பிறகு சபையில் வாய் திறந்து ஜெபித்ததே இல்லை.

இந்த வீடியோவை அம்மாவுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணுக்குச் சும்மாவே கிடைச்சிருக்கே" என்று என்னிடம் கேட்டார். சும்மா கிடைக்கவில்லை அம்மா, ஒரு அண்ணன் கொடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. வீடியோ போட்டவர்களே, உங்கள் கத்திரி எங்கே போய்க் குத்துகிறது என்று தெரிகிறதா?

"நீங்க அற்புதத்தையே நம்பலையா?" நம்புகிறேன். கல்லறை காலியானதை நம்புகிறேன். கிறிஸ்து எழுந்திராவிட்டால் என் விசுவாசம் வீண் என்று பவுல் சொன்னதைத்தான் பற்றிக்கொண்டு நிற்கிறேன். மருந்தில்லாமல் கர்த்தர் சுகமாக்க முடியும் என்றும் நம்புகிறேன். நடக்காததை நடந்ததாகச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"யூதாவின் ஆசா ராஜா வியாதியில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினானே?" கர்த்தரைத் தேடாததுதான் அவன் குற்றம். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே, ஊழியக்காரரைக் குறை சொல்லாதே." நான் யாரையும் தொடவில்லை. ஒரு வீடியோவைப் பற்றிப் பேசுகிறேன்.

விசுவாசம் இருந்தால் சுகம், சுகம் இல்லையென்றால் விசுவாசம் இல்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் அப்போஸ்தலர் 12-ஐ உட்கார்ந்து படியுங்கள். ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிவந்தான். அதே சபை, அதே கர்த்தர். யாக்கோபின் தாய் வீட்டுக்குப் போய் உன் மகனுக்கு விசுவாசம் போதவில்லை என்று பேதுரு சொல்லியிருப்பாரா? பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவர் மாம்சத்தில் இருந்த முள், அவரை வாட்டிய அந்த உபத்திரவம், எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. தன்னோடு பிரயாணம் பண்ணின துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று அவரே எழுதுகிறார். இவர்கள் எல்லோரும் விசுவாசம் குறைந்தவர்களா? என் தம்பி குறைந்தவனா?

அக்காவிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெட்டினது அவருக்கே தெரியாது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையாம், அவர் பிள்ளைகள்தான் "அப்பாவை ஏன் காணோம்" என்று கேட்டார்களாம். முழு சாட்சியையும் அதே பக்கத்தில் போடச் சொல்லி நேற்றே செய்தி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. இந்த வாரம் அவர்கள் போடாவிட்டால், என் போனில் இருக்கிற முழுப் பதிவையும் நானே போடுகிறேன். அக்கா சம்மதம் கொடுத்துவிட்டார்.