நிசிபிஸ் கண்ட இரண்டு எல்லைகள்

பழைய பேரரசு ஒன்றின் வரைபடத்தைப் போட்டு, "இதுவரை எங்கள் மண்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வரைபடத்தின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர்கள் கேட்பதே இல்லை.

துருக்கியின் தெற்கு விளிம்பில் இருக்கும் நுசைபின்தான் பழைய நிசிபிஸ். நான்காம் நூற்றாண்டில் ரோமானியரின் கோட்டை நகரம். பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர் மூன்று முறை முற்றுகையிட்டும் அது விழவில்லை. 363இல் ரோமானியப் பேரரசர் ஜூலியன் பாரசீகரோடு நடந்த போரில் இறந்தார். அடுத்து வந்த ஜோவியன், படையோடு ஊர் திரும்புவதற்காக நிசிபிஸைப் பாரசீகருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் மக்கள் வெளியேற வேண்டும் என்றானது. "நாங்களே காத்துக்கொள்கிறோம், விரட்டாதீர்கள்" என்று மக்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். பயனில்லை. அரமேய மொழியின் ஒரு வடிவமான சிரியாக்கின் பெருங்கவிஞர் எஃப்ரேமும் வெளியேறி, கடைசியில் ரோமானியர் பக்கமிருந்த எடெஸ்ஸா நகரில் இறந்தார்.

அத்தனை கொடுமைக்குப் பிறகும் அந்த ரோம–பாரசீக எல்லையில் போக்குவரத்து நிற்கவில்லை. குறிப்பிட்ட சில ஊர்களில் மட்டுமே வணிகம் நடக்கலாம் என்று ரோமானியச் சட்டம் சொன்னது. நிசிபிஸ் அவற்றில் ஒன்று. இருபுறமும் சிரியாக் பேசினார்கள். 489இல் ரோமானியப் பேரரசர் சீனோ எடெஸ்ஸாவின் இறையியல் பள்ளியை மூடியபோது, அங்கிருந்தவர்கள் எல்லை தாண்டி, பாரசீகர் வசமிருந்த அதே நிசிபிஸில் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

இன்றைய துருக்கி–சிரியா எல்லைக்கும் அந்தப் பழைய எல்லைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரோமானியர் பின்னர் கட்டிய தாரா கோட்டைக்கும் நிசிபிஸுக்கும் நடுவே பழைய எல்லை ஓடியது. இரண்டுமே இப்போது துருக்கிக்குள் இருக்கின்றன. 1921இல், சிரியாவைத் தன் பிடியில் வைத்திருந்த பிரான்சும் துருக்கியும் அங்காராவில் ஒப்பந்தம் கையெழுத்திட்டபோது, பாக்தாத் ரயில் பாதையை ஒட்டி எல்லை வகுத்தார்கள். தண்டவாளம் எங்கே கிடந்ததோ அங்கே நாடு முடிந்தது. (பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய ஹாட்ரியன் சுவரை இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லை என்று நம்புகிறவர்களும் கவனிக்கவும்: அது முழுக்க இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது.)

நுசைபினுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், சிரியாவின் கமிஷ்லி. ஒரே குடும்பத்தின் குர்துகள் இருபுறமும் இருக்கிறார்கள். நடுவே 1950களில் கண்ணிவெடி புதைத்தார்கள். அண்மைக் காலத்தில் கான்கிரீட் சுவரும் எழுந்துவிட்டது.

எல்லையை அழிக்கச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் அந்தக் கண்ணிகளையாவது எடுக்க வேண்டும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தின்படி துருக்கி 2014க்குள் அதை முடித்திருக்க வேண்டும். அந்தக் கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டுவிட்டது.