ஓல்டு டிராஃபோர்டு எந்த ஊரில் இருக்கிறது?

மான்செஸ்டர் டெர்பி, அதாவது மான்செஸ்டர் யுனைடெட்டும் மான்செஸ்டர் சிட்டியும் மோதும் கால்பந்து ஆட்டம், நெருங்கிவிட்டால் போதும், இணையத்தில் ஒரு வரைபடம் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். மான்செஸ்டர் நகர எல்லையைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் கோட்டுக்கு வெளியே இருக்கும். "உங்க கிளப் மான்செஸ்டரே கிடையாது" என்பார் சிட்டி ரசிகர். "முகவரியைப் பாருய்யா, மான்செஸ்டர் எம்16-னு போட்டிருக்கு" என்பார் யுனைடெட் ரசிகர். இரண்டுமே உண்மை. ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பேசுவதால்தான் சண்டை தீரமாட்டேன் என்கிறது.

யுனைடெட் ரசிகர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பலவீனமானது அதுதான். அஞ்சல் குறியீடு கடிதம் பிரிப்பதற்காகப் போட்டது, ஊர் எல்லையைச் சொல்வதற்காக அல்ல. எம்16-க்குள்ளேயே ஒரு பகுதி டிராஃபோர்டு கவுன்சில், இன்னொரு பகுதி மான்செஸ்டர் கவுன்சில். 1974 வரை செஷயர் கவுண்டியில் (கவுண்டி என்பது பல ஊர்கள் அடங்கிய பெரிய நிர்வாகப் பகுதி) இருந்த சேல் என்ற ஊருக்கும் எம்33 என்றுதான் குறியீடு. சால்ஃபோர்டுக்கும் எம்தான். ஆனால் அது 1926-லேயே நகரத் தகுதி பெற்ற தனி நகரம். சால்ஃபோர்டுக்காரரிடம் போய் "நீங்களும் மான்செஸ்டர்தானே" என்று கேட்டுப் பாருங்கள், நல்ல பதில் கிடைக்கும். யுனைடெட் மைதானத்தின் மேற்கு ஸ்டாண்டுக்கு ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டு என்று பெயர். எந்த ஊர்ப் பக்கம் என்று அந்தப் பெயரே சொல்கிறது.

சிட்டி ரசிகர்கள் சறுக்குவது வருடத்தில். மைதானம் இன்று அடங்கியிருக்கும் டிராஃபோர்டு பரோ (பரோ என்பது ஒரு கவுன்சிலின் கீழ் வரும் உள்ளாட்சிப் பகுதி) பிறந்தது 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி. மைதானம் திறந்தது 1910-இல். அப்போது அந்த இடம் லங்காஷயர் கவுண்டியில் ஸ்ட்ரெட்ஃபோர்டு நகர்ப்புற மாவட்டம். 64 வருடம் கழித்து வந்த கவுன்சிலின் பெயரைச் சொல்லி கிளப்பின் பிறப்பைத் தீர்மானிக்க முடியாது. அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கிய கிளப்தான் யுனைடெட். நியூட்டன் ஹீத் பகுதியே 1890-இல்தான் மான்செஸ்டர் நகரத்தோடு சேர்ந்தது. 1893-இல் கிளப் கிளேட்டனில் பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்துக்குப் போனது. மான்செஸ்டர் யுனைடெட் என்று 1902-இல் பெயர் மாறியது அங்கே ஆடியபோதுதான். சிட்டியின் இன்றைய எதிஹாட் ஸ்டேடியத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஓல்டு டிராஃபோர்டு சிதைந்தபின், 1949 வரை யுனைடெட் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களை ஆடியது சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில்.

சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. இன்றைய எல்லைக்கு, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் தேர்தல் வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டுங்கள், மாவட்டம் அல்லது பரோ அடுக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரேட்டர் மான்செஸ்டர் கவுண்டியை மட்டும் பார்த்தால் அதன் பத்துப் பரோக்களும் ஒரே ஊர் போலத் தெரியும். பாதிக் குழப்பம் அங்கேதான். பழைய எல்லைக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணைய வரைபடங்களில் மைலுக்கு ஆறு அங்குல அளவில் உள்ள தாளைத் திறங்கள். எல்லை புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் ஓடும், பக்கத்தில் எழுத்துச் சுருக்கம் இருக்கும். 'சி.ஆர்.' (C.R.) என்றிருந்தால் எல்லை ஆற்றின் நடுவில் போகிறது என்று பொருள். தாளின் ஓரத்தில் அச்சான வருடத்தைப் பார்க்காமல் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அளவெடுத்த வருடம் ஒன்று, அச்சிட்ட வருடம் வேறொன்று.

கோட்டை வைத்து மட்டும் முடிவு செய்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நாட்டிங்ஹாம் போதும். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மைதானத்துக்குப் பெயர் 'சிட்டி கிரவுண்ட்'. அது ட்ரெண்ட் ஆற்றுக்குத் தெற்கே, நகர எல்லைக்கு வெளியே, ரஷ்கிளிஃப் பரோவில் இருக்கிறது. கவுண்டியின் பெயரைத் தாங்கிய நாட்ஸ் கவுண்டி கிளப்போ அக்கரையில், நகரத்துக்குள்ளேயே ஆடுகிறது. செல்சியும் அப்படித்தான், அதன் மைதானம் இருப்பது ஃபுல்ஹாமில்.

என் கருத்து இதுதான்: பரோ கோடு குப்பை வண்டிக்கும் கவுன்சில் வரிக்கும் போட்டது. ஒரு கிளப் எந்த ஊருடையது என்பதை, எந்தத் தெருக்களிலிருந்து சனம் கிளம்பி வாராவாரம் அங்கே நடந்து போனது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். கோபப்பட வேண்டிய இடமும் உண்டு, அது லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப்புக்கு நடந்தது. ரசிகர்கள் கத்திக் கதறியும் 2002 மே மாதம் எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) நியமித்த மூவர் குழு 2-1 என்று முடிவெடுத்து, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸுக்கு கிளப்பை அனுப்ப அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் அதே வருடம் ஏஎஃப்சி விம்பிள்டனைத் தொடங்கி, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறிவந்து, 2020 நவம்பரில் பழைய கிளப்பின் மைதானம் இருந்த பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். இடையில் 2007-இல், விம்பிள்டன் வென்ற 1988 எஃப்.ஏ. கோப்பையின் நகல் உட்பட பழைய கிளப்பின் பெருமைச் சின்னங்களை மில்டன் கீன்ஸ் கிளப் திருப்பிக் கொடுத்தது. அவை போய்ச் சேர்ந்தது விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் பரோவிடம்.