வளைவின் முடிவில் நின்ற எங்கள் சேர்
காலமான தடகளப் பயிற்றுநர் ஒருவரை அவருடைய மாணவர்கள் நினைவுகூர்ந்த கட்டுரை ஒன்று, மட்டக்களப்பில் எங்களுக்குப் பயிற்சியளித்த சேரைக் கண்முன் நிறுத்தியது. அமெரிக்க இயேசு சபைத் துறவியான வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய மைதானத்தில், 400 மீற்றர் ஓட்டத்தின் கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில், கால்கள் கனத்துத் தோள்கள் தாமாகவே காதுவரை உயரும் அந்த நேரத்தில், “தோளை விடு மனே, கையை வீசு” என்ற அவருடைய குரல் கேட்கும். முதலாவதாக வந்தவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியாக வந்தவனிடமே நெடுநேரம் பேசுவார். இன்று கல்முனையில் உடற்கல்வி கற்பிக்கும் நானும் அவ்வாறே செய்கிறேன். இத்தகையோரின் பயிற்சிக் குறிப்பேடுகளைத் தேடிப் பேணுவது பழைய மாணவர் சங்கங்களின் கடமை.