குமரி மாவட்டத்தை விட்டுவிட்டீர்களே!

உள்ளூர் விடுமுறைகள் பற்றிய கட்டுரையில் தஞ்சை சதய விழா, திருவாரூர் தேர் எல்லாம் சரி, எங்கள் குமரி மாவட்டம் எங்கே? நவம்பர் 1 எங்களுக்கு விடுமுறை. 1956-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த நாள் அது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு. அப்புறம் சிவராத்திரி. பக்தர்கள் காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு மாவட்டத்தின் 12 சிவன் கோயில்களுக்கும் ஓடுவார்கள். ஆனால் வழிநெடுக எழுப்பும் கோஷம் என்னவோ 'கோவிந்தா, கோபாலா' தான்!

இதற்கெல்லாம் ஈடாக ஏதாவது ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கிவிடுவார்கள். வங்கி விடுமுறைகளை அறிவிக்கப் பயன்படும் 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) கீழ் வராததால் வங்கிகளுக்கு இந்த விடுமுறை கிடையாது. வங்கியில் வேலை பார்க்கும் என் மச்சான் அன்று காலை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.